குழி வெட்டும் முன் ஒரு குச்சி நடுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளுங்கள். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் பிள்ளைகள், அதிலும் "டீச்சர், ஏப்ரலில் மண் இளகியதும் தோண்ட ஆரம்பிக்கப் போறேன்" என்று எனக்கு எழுதிய அந்த இருவரும், கடைசி வரை கட்டாயம் படிக்க வேண்டும்.

விஷயம் மண்ணுக்குள் அமைக்கும் பசுமைக்குடில். நீங்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். வெளியே முழங்கால் அளவு பனி. ஒருவர் தரையில் இருக்கும் ஒரு கதவைத் திறந்து படியில் இறங்குகிறார். உள்ளே பச்சைப் பசேல் என்று கீரை, தக்காளி, சில வீடியோக்களில் வாழைமரம்கூட. "எட்டு அடி குழி வெட்டு, மேலே பாலித்தீன் ஷீட் போடு, வருஷம் முழுக்கக் காய்கறி" என்று ஒரு குரல் சொல்லும். செலவு 300 டாலர்தான் என்றும் சொல்லும்.

என் அண்ணன் மகன் அதைப் பார்த்தான், நம்பினான், தோண்டினான். டொராண்டோவுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறான். அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதீங்க அத்தை, இங்க ஆபீஸ்ல இருக்கறவங்களும் உங்க பதிவைப் படிக்கறாங்க" என்றான். போடவில்லை.

அவன் தோண்டியது காசு மிச்சம் பிடிக்க அல்ல, அவன் அம்மாவுக்காக. என் அண்ணி வயலும் தோட்டமுமாக வாழ்ந்தவர். அண்ணன் போன பிறகு மகனோடு போய்விட்டார். நவம்பர் வந்தால் வீட்டுக்குள் அடைந்தால் ஏப்ரல் வரை அடைப்புதான். ஜன்னல் வழியாக வெள்ளையை மட்டும் பார்த்துப் பார்த்து, "ஒரு பச்சை இல்லடி இந்த ஊர்ல" என்று என்னிடம் போனில் சொல்லுவார். அம்மா கை வைக்க ஒரு பாத்தியாவது வேண்டும் என்று அவன் நினைத்தான். நல்ல பிள்ளை. அதனால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம்.

20 அடி நீளம், 12 அடி அகலம், 8 அடி ஆழம். இயந்திரம் வைத்துத் தோண்டி, கான்கிரீட் கல் வைத்துச் சுவர் எழுப்பி, மேலே ஷீட் போட்டு முடிக்க ஏழாயிரம் டாலர் ஆகிவிட்டது. வீடியோவில் சொன்ன 300 எங்கே, இந்த ஏழாயிரம் எங்கே! சரி, அதை விடுங்கள். டிசம்பரில் வெளியே மைனஸ் 15 இருந்தபோது குழிக்குள் வெப்பமானி 4 டிகிரி காட்டியது. அன்று அவன் எனக்கு அனுப்பிய போட்டோவில் முகமெல்லாம் சிரிப்பு. "அத்தை, வேலை செய்யுது!"

ஆனால் விதைத்த பாலக்கும் வெந்தயக்கீரையும் வெளிறிப்போய், நூல் மாதிரி நீண்டு, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துவிட்டன. உரம் போதவில்லை என்று உரம் போட்டான். விதை சரியில்லை என்று வேறு விதை வாங்கினான். மார்ச் கடைசியில் பனி உருகியது. குழியில் ஒரு அடித் தண்ணீர் நின்றது. மேற்குச் சுவர் உள்பக்கமாகப் பிதுங்கிவிட்டது. அண்ணிக்கோ முழங்கால் வலி. எட்டு அடி இறங்கும் அந்தப் படியில் அவர் ஒரு தடவைகூடக் கால் வைக்கவில்லை. அம்மாவுக்காகக் கட்டிய இடத்தை அம்மா மேலிருந்துதான் எட்டிப் பார்த்தார்.

இது ஏன் இப்படி ஆனது என்று எனக்கும் உடனே புரியவில்லை. புரிய வைத்தவன் என் பழைய மாணவன் ஒருவன். ஏழாம் வகுப்பில் கடைசி பெஞ்ச். ராணுவத்தில் சேர்ந்து லடாக்கில் சில வருஷம் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று இப்போது ஊரில்தான் இருக்கிறான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவனிடம் பேச்சுவாக்கில் இந்தக் குழிக் கதையைச் சொன்னேன். "நாங்களும் லேயில குழி வெட்டித்தான் டீச்சர் கீரை போட்டோம். ஆனா மூணு அடிதான்" என்றான்.

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் மைனஸ் 20 வரை இறங்கும். ஆண்டு மழை 100 மில்லிமீட்டர் அளவுதான், நம் ஊரில் ஐப்பசியில் ஒரே நாளில் சில சமயம் கொட்டிவிடும் அளவு. பனிக்காலத்தில் கணவாய்கள் மூடிவிட்டால் லாரி வராது. விமானத்தில் வருவதுதான், அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. லடாக் மக்கள் காலம் காலமாக உருளைக்கிழங்கு, கேரட், டர்னிப் இவற்றை மண்ணுக்குள் குழியில் போட்டு வைத்துத்தான் குளிர்காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். பச்சைக் கீரை என்பது அந்த மாதங்களில் கனவு. அங்கே டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் ஒன்று 1960களிலிருந்து இருக்கிறது. மலை உச்சியில் காவல் நிற்கும் வீரனுக்குப் பச்சைக் காய்கறி கொடுப்பது எப்படி என்பதே அதன் முக்கிய வேலை. அவர்கள் பரப்பிய முறைகளில் ஒன்றுதான் இந்தப் பள்ளப் பசுமைக்குடில். பொதுவாக 30 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழம். மேலே பாப்லர், வில்லோ மரக் கம்புகள், அதன் மேல் வெயிலில் சீக்கிரம் மக்காத பாலித்தீன் ஷீட். அவ்வளவுதான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "காலையில பத்து மணிக்கு மேல கம்பளி மூடியைச் சுருட்டி வைப்போம் டீச்சர். வெயில் சும்மா சுள்ளுனு இறங்கும். மூணு மணிக்கெல்லாம் மறுபடி மூடிரணும். மறந்தா மறுநாள் காலையில எல்லாம் கருகிக் கிடக்கும். ஒருநாள் நான் மறந்துட்டேன், சுபேதார்கிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு. ஆனா ஒண்ணு டீச்சர், தெற்குப் பக்கம் இருக்கற பாத்தி மட்டும் ஏறவே ஏறாது. வடக்குப் பக்கந்தான் தழைக்கும். அது ஏன்னு எங்களுக்குத் தெரியல."

அந்தக் கடைசி வரியில்தான் எனக்குப் பொறி தட்டியது. ஏன் என்று தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். ஏழாம் வகுப்பில் அவனுக்குச் சமூக அறிவியல் எடுத்ததே நான். "டிசம்பர் 22இல் சூரியன் மகர ரேகைக்கு நேராகப் பிரகாசிக்கும்." பிள்ளைகள் ஒப்பித்தார்கள். நான் சிவப்பு மையில் டிக் போட்டேன். ஒரு நாளாவது மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழலை அளந்து பார்க்க வைத்தேனா? இல்லை. பிள்ளைகளை வெளியே கூட்டிப் போனால் சத்தம் வரும், தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார், பாடம் முடியாது. முப்பது வருஷம் இப்படியே ஓட்டிவிட்டேன்.

இப்போது அந்தப் பாடத்தை நடத்துகிறேன். கவனியுங்கள்.

ஒரு அடிக் குச்சியைச் சமதளத்தில் நேராக நடுங்கள். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் நாளில், நண்பகலில், அதன் நிழலை அளங்கள். திண்டுக்கல் பக்கம் நம் ஊரில் நிழல் சுமார் 8 அங்குலம் வரும். லேயில் 1 அடி 7 அங்குலம். டொராண்டோவில் 2 அடி 4 அங்குலம். இன்னும் வடக்கே எட்மன்டனில் 4 அடி 4 அங்குலம். பூமத்திய ரேகையிலிருந்து விலக விலகச் சூரியன் தாழ்ந்து போகிறது, நிழல் நீள்கிறது. அட்ச ரேகை தெரிந்தால் கணக்குப் போட்டே இதைச் சொல்லிவிடலாம். 90 டிகிரியிலிருந்து அட்ச ரேகையைக் கழியுங்கள், மேலும் 23½ கழியுங்கள். மீதி இருப்பதுதான் அந்த நாள் நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே நிற்கும் கோணம். காம்பஸ் பாக்ஸில் பாகைமானி இருக்கும் பிள்ளைகள் யாரும் வரைந்து பார்க்கலாம்.

இனி குழிக்கு வாருங்கள். குழியின் தெற்குச் சுவரும் ஒரு குச்சிதான். ஒரு அடிக் குச்சிக்கு டொராண்டோவில் 2 அடி 4 அங்குலம் நிழல் என்றால், 8 அடிச் சுவருக்கு? நேர் விகிதம், ஏழாம் வகுப்புக் கணக்கு. கிட்டத்தட்ட 19 அடி. என் அண்ணன் மகனின் குழியோ 12 அடி அகலம். அப்படியென்றால் நிழல் தரை முழுவதையும் மூடியது போக, வடக்குச் சுவரில் மேலும் மூன்று அடி ஏறி நின்றிருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை அந்தத் தரையில் ஓர் அங்குலத்தில்கூட நேர் வெயில் விழுந்திருக்க வழியே இல்லை. கீரை வெளிறியதில் என்ன அதிசயம்? இருட்டில் முளைகட்டிய பயறு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். உரத்தின் மேலும் விதையின் மேலும் வீணாகப் பழி போட்டான்.

லேயில் 3 அடிச் சுவரின் நிழல் 5 அடிக்குள் அடங்கிவிடுகிறது. 10 அடி அகலத்தில் தெற்குப் பாதி நிழல், வடக்குப் பாதி வெயில். ஹவில்தார் கண்ணால் பார்த்ததும் கணக்கும் ஒன்றோடு ஒன்று பொருந்திவிட்டன. அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அட, இம்புட்டுதானா டீச்சர்!" என்றான்.

அப்படியானால் அந்த எட்டு அடி எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டில் லா பாஸ் நகரத்துப் பக்கம் உயரமான குளிர்ப் பீடபூமி இருக்கிறது. அங்கே ஐமாரா மக்களின் மொழியில் இந்தக் குழிக் குடிலுக்கு 'வாலிபினி' என்று பேர், சூடான இடம் என்று பொருள் சொல்கிறார்கள். பென்சன் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு இதற்கு ஒரு கையேடு போட்டது, ஆறிலிருந்து எட்டு அடி ஆழம் என்று. அந்த இடத்துக்கு அது சரி. லா பாஸ் தெற்கு 16½ டிகிரியில் இருக்கிறது. அவர்களுக்குக் குளிர்காலம் ஜூன். அந்த ஜூன் நண்பகலில் ஒரு அடிக் குச்சியின் நிழல் 10 அங்குலம்தான், ஏறக்குறைய சென்னையின் மார்கழி வெயில் மாதிரி. குளிருக்குக் காரணம் உயரம், சூரியன் தாழ்ந்திருப்பது அல்ல. எட்டு அடிக் குழியிலும் வெயில் தாராளமாக இறங்கும். ஆனால் கனடாவில் குளிருக்குக் காரணமே சூரியன் தாழ்ந்து போனதுதான். இரண்டு குளிரும் வேறு வேறு குளிர். தெர்மாமீட்டரில் ஒரே எண் காட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே குறைந்தது ஐந்து அடியாவது இருக்க வேண்டும், கூரைச் சரிவை அந்த ஊர்ச் சூரியனின் கோணத்துக்கு ஏற்ப வைக்க வேண்டும் என்று அந்தக் கையேடே சொல்கிறது. வீடியோ எடுத்தவர்கள் அந்தப் பக்கங்களை விட்டுவிட்டு, குழியையும் 300 டாலரையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும் பிள்ளைகளை எனக்குத் தெரியாதா?

"மண் சூடு தரும்" என்பதில் இன்னொரு தவறான எண்ணம் இருக்கிறது. மார்கழி காலையில் கிணற்றுத் தண்ணீரில் குளித்தவர்களுக்குத் தெரியும், வெதுவெதுவென்று இருக்கும். ஆழத்தில் மண்ணின் வெப்பம் பருவத்துக்குப் பருவம் அதிகம் மாறாது. அந்த ஊரின் ஆண்டு சராசரி வெப்பத்தை ஒட்டியே நிற்கும். நம் ஊரில் அந்தச் சராசரியே 25 டிகிரிக்கு மேல், அதனால் கிணறு வெதுவெதுப்பு. டொராண்டோவில் அது 8, 9 டிகிரிதான். உங்கள் ஃப்ரிட்ஜின் உள்ளே இருப்பதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவே. உறைந்து சாகாமல் மண் காப்பாற்றும். அது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் வளர வைப்பது வெயில். இன்னும் ஒன்று கேளுங்கள். கனடாவில் பல வீடுகளின் கீழே பேஸ்மென்ட் இருக்கிறதே, அது மண்ணுக்குள் எட்டு அடி இறங்கிய அறைதானே? அங்கே தானாகத் தக்காளி காய்க்கிறதா?

லடாக்கில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பள்ளத்தைக்கூட அல்ல, அதற்குப் பிறகு வந்ததை. ஜெரெஸ் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து கிராமங்களில் ஒரு மேம்பட்ட குடிலைக் கொண்டுவந்தார்கள். ஆழக் குழி கிடையாது. கிழக்கு மேற்காக நீளம். வடக்கே தடித்த மண் சுவர், இரண்டு அடுக்காகச் செங்கல் வைத்து நடுவே வைக்கோல் திணிப்பார்கள். சுடாத பச்சைச் செங்கல்தான், அங்கேயே அறுப்பது. முடிந்த இடங்களில் அந்தச் சுவரை மலைச்சரிவிலேயே சாய்த்துக் கட்டுவார்கள், மண்ணே போர்வை. வடக்குக் கூரையிலும் வைக்கோல். தெற்குப் பக்கம் மட்டும் ஷீட். பகலெல்லாம் வெயில் அந்த வடக்குச் சுவரில் விழுந்து ஊறும். இரவெல்லாம் சுவர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். இரவில் ஷீட்டின் உள்பக்கம் ஒரு திரை. விறகு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, கரண்ட் இல்லை. 2009இல் இந்த வேலைக்கு ஆஷ்டென் விருது கிடைத்தது. இப்போது லடாக் பெண்கள் குளிர்காலத்திலும் கீரைக் கட்டுகளைக் கொண்டுபோய் விற்றுக் கையில் காசு பார்க்கிறார்கள். ஆண்டுக்கு 300 நாளுக்கு மேல் அங்கே வெயில் அடிப்பதும் இதற்கு ஒரு காரணம், அதையும் மறைக்கக் கூடாது.

சீனாவிலும் இதே புத்திதான். ஷான்டோங் மாநிலத்தில் ஷௌகுவாங் என்ற ஊர்ப்பக்கம் 1980களின் கடைசியில் தொடங்கியது. அடியில் பல அடி தடிமனுள்ள வடக்கு மண் அணை, தெற்கே சரிந்த ஷீட், இரவில் அதன் மேல் விரிக்க வைக்கோல் பாய். அடுப்பு மூட்டாமல் குளிர்காலத்தில் வெள்ளரிக்காய் எடுத்தார்கள். இப்போது பாய்க்குப் பதில் மோட்டாரில் சுருளும் மெத்தை.

"அதெல்லாம் ஆசியா டீச்சர், எங்க ஊர்ல?" என்பவர்களுக்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ரஸ் ஃபின்ச் என்ற மனிதரைச் சொல்கிறேன். ஆலயன்ஸ் என்ற சின்ன ஊரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போல ஓய்வூதியக்காரர் என்பதால் எனக்குக் கூடுதல் பிரியம். 42 டிகிரி வடக்கில், பனியின் நடுவே ஆரஞ்சும் எலுமிச்சையும் பறித்தார். அவர் தரையைத் தோண்டியது நான்கு அடிதான். கூரை முழுவதும் தெற்குப் பார்த்த சரிவு, வடக்கு உயரம், தெற்கு தாழ்வு. எட்டு அடி ஆழத்துக்குப் போனவை குழாய்கள் மட்டும். அவற்றின் வழியே ஒரு காற்றாடி உள்காற்றைச் சுற்றவிட்டு மண்ணின் வெப்பத்தை மேலே கொண்டுவரும். மண்ணின் வெப்பம் வேண்டுமென்றால் குழாய் கீழே போகட்டும். செடி ஏன் கீழே போக வேண்டும்? நெப்ராஸ்காவில் குளிர்கால வெயிலும் நன்றாக இருக்கும். டொராண்டோ பக்கம் பெரிய ஏரிகளின் மேகம் வந்து கவிழ்ந்துகொள்ளும், அண்ணி வாரக்கணக்கில் சூரியனைப் பார்க்கவில்லை என்று புலம்புவார். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பகல் நீளத்தையும் பாருங்கள். மெய்ன் மாநிலத்தில் எலியட் கோல்மன் என்ற விவசாயி, 44 டிகிரி வடக்கில், அடுப்பு மூட்டாத குடிலில் குளிர்காலம் முழுக்கக் கீரை எடுப்பவர். பகல் பத்து மணி நேரத்துக்குக் கீழே போனால் செடியின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும் என்பது அவர் பாடம். டொராண்டோவில் நவம்பர் முதல் வாரத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை அப்படி. அதனால் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே விதைத்து, நவம்பருக்குள் வளர்த்துவிட வேண்டும். பிறகு குடில் என்பது வளர்க்கும் இடமல்ல, பறிக்கும் வரை செடியை உயிரோடு காத்து வைக்கும் இடம். நம்மாள் டிசம்பரில் விதை போட்டான். ஆடிப்பட்டம் தேடி விதை என்று அவன் தாத்தா வாயில் எத்தனை தடவை கேட்டிருப்பான்! ஊர் மாறினால் பட்டம் இல்லாமல் போய்விடுமா?

எதை விதைப்பது என்பதிலும் ஆசை அடங்க வேண்டும். பாலக், கேல், லெட்டூஸ், முள்ளங்கி, கொத்தமல்லி இவை குளிர் தாங்கும் ஜாதி. முருங்கை, கத்திரி, வெண்டை கேட்கிறீர்கள் என்று தெரியும். அதற்குக் கடை இருக்கிறது.

இங்கே என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கோபம் வரலாம். லடாக்கில் ஒரு தாய் குடில் கட்டுவதற்கும் நீங்கள் கட்டுவதற்கும் காரணம் ஒன்றல்ல. அவளுக்குச் சாலை மூடிவிட்டால் கீரை கிடையாது. உங்களுக்குச் சாலைக்கு எதிரே சூப்பர் மார்க்கெட், கலிபோர்னியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்த கொத்தமல்லிக் கட்டு. ஏழாயிரம் டாலருக்கு வாழ்நாள் முழுக்கக் கட்டுக்கட்டாக வாங்கலாம். காசு மிச்சமாகும் என்று சொல்லி மனைவியைச் சம்மதிக்க வைக்காதீர்கள், அது பொய். பச்சை பார்க்க வேண்டும், மண்ணில் கை வைக்க வேண்டும், பிள்ளைகளுக்கு விதை முளைப்பதைக் காட்ட வேண்டும் என்றால் அதுவே போதுமான காரணம். அதற்கு ஏற்ற அளவில் கட்டுங்கள். "க்ரோ லைட் போட்டா நிழல் பிரச்சினை இல்லையே டீச்சர்" என்று ஒருவன் கேட்டான். தாராளமாகப் போடு. ஆனால் விளக்குப் போடுவதென்றால் குழி எதற்கு? பேஸ்மென்டிலேயே ஒரு மேசை போட்டு, மேலே விளக்கைத் தொங்கவிடு.

குழிக்குள் இறங்குவது ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும். களிமண்ணும் ஈரமும் உள்ள இடத்தில் எட்டு அடி நேர்ச்சுவர் சரிந்தால் ஆளை மூடிவிடும். லடாக் மண் வறண்டது, மூன்று அடி ஆழத்தில் பயமில்லை. டொராண்டோ பக்கம் மண் நான்கு அடி வரை உறையலாம் என்று கணக்கு வைத்துத்தான் அங்கே அஸ்திவாரமே போடுகிறார்கள். ஈரமண் உறையும்போது உப்பும், உப்பினால் சுவரைத் தள்ளும். நம்மாள் சுவர் பிதுங்கியது அதனால்தான் என்று பிறகு வந்து பார்த்த கொத்தனார் சொன்னாராம். முதலில் கட்டிக் கொடுத்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? காசு வாங்கும்போது வாயே திறக்கவில்லை.

சரி, இப்போது அவன் என்ன செய்கிறான்? அந்தக் குழியை மூடச் சொன்னேன். அழுத மாதிரி இருந்தது குரல். "அத்தை, அவ்வளவு காசு..." என்றான். "காசு போனது போகட்டும்டா, அம்மா இருக்கும்போதே ஒன்று செய்" என்றேன். மூடிவிட்டான்.

புதிதாக நாங்கள் போனில் வரைந்திருக்கும் படம் இதுதான். வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, வீட்டுத் தரை மட்டத்திலேயே, எட்டு அடி அகலத்தில் ஒரு கண்ணாடித் தாழ்வாரம். வீட்டுச் சுவரே அதற்கு வடக்குச் சுவர். லேக்குப் பக்கத்தில் செக்மால் என்ற பள்ளி வளாகத்தில் கட்டடங்களின் தெற்கே இப்படித்தான் குளிர்காலத்தில் ஷீட் இழுத்துக் கட்டுகிறார்கள், அறைக்கும் சூடு, செடிக்கும் இடம். அஸ்திவாரத்தைச் சுற்றி நான்கு அடி ஆழத்துக்குத் தெர்மோகோல் பலகை புதைக்க வேண்டும், வெளிக் குளிர் பக்கவாட்டில் ஊர்ந்து வராமல் இருக்க. கிழக்கிலும் மேற்கிலும் இடுப்பளவு மண் அணை. மண் காக்கும் என்பதை நான் விட்டுவிடவில்லை, பாருங்கள், பக்கத்தில்தான் வைக்கிறேன். இரவுக்குச் சுருட்டும் மெத்தைத் திரை. பாத்தி தரையில் அல்ல, இடுப்பு உயரத்தில் மரப்பெட்டியில், அண்ணி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே களை எடுக்கும் உயரத்தில். சமையலறைக் கதவைத் திறந்தால் அங்கே போய்விடலாம். படியே கிடையாது. நகராட்சி அனுமதிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான்.

அண்ணி வெந்தயக்கீரை போடுவேன் என்கிறார். ஆகஸ்டில் போடுங்கள் அண்ணி என்றேன். "நீ எனக்குப் பட்டம் சொல்லித் தரியா?" என்று சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

இப்போது உங்கள் இருவருக்கும். ஒருவன் எட்மன்டன், ஒருத்தி டொராண்டோவுக்குக் கொஞ்சம் வடக்கே. எட்மன்டன் தம்பி, உன் ஊரில் 8 அடிச் சுவரின் நிழல் 34 அடிக்கு மேல். உன் தோட்டமே அவ்வளவு நீளம் இருக்கிறதா என்று பார். ஏப்ரலில் யாரும் தோண்ட வேண்டாம். "ஒரு வருஷம் வீணாகுமே டீச்சர்" என்பீர்கள். ஆகட்டும். கணக்குப் போட்டு நிழலின் நீளத்தை இன்றைக்கே சொல்லிவிட முடியும்தான். ஆனால் டிசம்பரில் பக்கத்து வீட்டுக் கூரையின் நிழல் எங்கே விழுகிறது, வேலியோரத்து மரத்தின் நிழல் எங்கே விழுகிறது, எத்தனை நாள் மேகம் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது. பனி உருகும்போது தோட்டத்தில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்பதை இந்த மார்ச், ஏப்ரலிலேயே பார்த்துக் குறித்து வையுங்கள். இரண்டு அடி ஆழத்துக்குக் கடப்பாரையால் ஒரு துளை போட்டு, அதில் தண்ணீர் ஊறுகிறதா என்று மே மாதம் பாருங்கள்.

டிசம்பர் 21, நண்பகல். கடிகாரத்தில் 12 மணி அல்ல, நிழல் மிகக் குறுகி நிற்கும் நேரம். 12 மணிக்கு முன்பே போய் நின்று, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். எட்மன்டன் தம்பி, உனக்கு 12:30க்கு மேலும் ஆகும், பொறுமையாக நில். மிகக் குட்டையான நிழலை அளந்து, குச்சியோடு ஒரு போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், தொப்பி கையுறை போட்டு. போட்டோ வந்த பிறகு எத்தனை அடி, எந்தப் பக்கம் சரிவு என்று உட்கார்ந்து பேசலாம்.